கணவருக்கும் அன்றே ரத்தம் எடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கர்ப்பிணிகளுக்கான எச்.ஐ.வி., சிபிலிஸ் (உடலுறவால் பரவும் மேகநோய்) பரிசோதனை பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். எல்லாம் சரி, கணவரைப் பற்றித்தான் அதில் ஒரு வரிகூட இல்லை. கிராம சுகாதார செவிலியராக 30 வருஷம் வேலை பார்த்தவள் என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு பெண்ணுக்கு மூன்றாம் மாதத்தில் சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ், 1:16. இரண்டாவது எண் ஏறினால் நோய் கூடுகிறது, இறங்கினால் குறைகிறது என்று அர்த்தம். பென்சத்தின் பென்சிலின் 24 லட்சம் யூனிட், இடுப்பில் இரண்டு பக்கமும் பிரித்துப் போட்டோம். கெட்டியான மருந்து, வலி உயிர் போகும். சுவரைப் பிடித்துக்கொண்டேதான் பஸ் ஸ்டாப் வரை நடந்தாள். வீட்டில் கேட்டால் ரத்த ஊசி என்று சொல்லிக்கொள்கிறேன் அக்கா என்றாள். கணவரைக் கூட்டி வரச் சொன்னோம். ‘எனக்கென்ன வியாதி?’ என்று கேட்டாராம். அவர் வரவே இல்லை.

ஆறாம் மாதத்தில் 1:4 ஆக இறங்கியது. நிம்மதியாக இருந்தோம். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போனாள். பரிசோதனை முடிவுகளை எழுதும் கர்ப்பிணி அட்டையும் கூடவே போனதால் நாங்கள் மறுபடி பார்க்க வழியில்லை. கணவர் வாராவாரம் போய் வந்திருக்கிறார். பிரசவத்துக்குச் சேர்ந்த இடத்தில் எடுத்தபோது 1:32. குணமான பெண்ணுக்கு மறுபடி தொற்று வந்துவிட்டது. பிறந்த குழந்தைக்கு 10 நாள் பென்சிலின். பிஞ்சுக் கையில் ஊசி குத்தி டேப் ஒட்டியிருந்ததை நான் போய்ப் பார்த்தேன். அந்த ஆளுக்கும் அன்றைக்கே அதே ஊசியைப் போட்டிருந்தால் குழந்தைக்கு இந்தப் பாடு வந்திருக்காது.

மனைவிக்கு பாசிட்டிவ் என்று வந்த பிறகு கணவரைக் கூப்பிட்டால், ‘உன்னால்தான் வந்தது’ என்று அவள் தலையில்தான் விழும். அதற்குப் பயந்தே பல பெண்கள் வீட்டில் வாய் திறப்பதில்லை. கர்ப்பம் பதிவு செய்யும் முதல் நாளே இரண்டு பேருக்கும் சேர்த்து ரத்தம் எடுத்துவிட்டால் யார் மேலும் பழி வராது. சம்மதம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், முடிவை ரகசியமாக வைக்க வேண்டும். எச்.ஐ.வி.க்கு 2017 சட்டமே அப்படித்தான் சொல்கிறது. வேலையை விட்டு வர முடியாத ஆண்களுக்காக வாரம் ஒரு மாலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆய்வகத்தைத் திறந்து வைக்கலாம்.

அப்புறம், ஏழு, எட்டு மாதத்தில் இன்னொரு முறை பரிசோதனை வேண்டும். முதல் முறை நெகட்டிவ் வந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பாவது ஊசி போட்டால்தான் குழந்தைக்கு முழுப் பாதுகாப்பு. பக்கத்தில் இருக்கும் இலங்கை, தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் சான்று வாங்கிவிட்டது. நம்மால் ஏன் முடியாது?

தாய் வீட்டுக்குக் கிளம்பும் பெண்களே, அந்த ரத்த ரிப்போர்ட்டை அட்டையோடு சேர்த்து பின் செய்து எடுத்துப் போங்கள். போய்ச் சேர்ந்த வாரமே அங்குள்ள நர்சிடம் காட்டுங்கள்.

ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
புதுக்கோட்டை மாவட்டம்