எலி என்ன தின்றது என்று எழுத வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாவுச்சத்தை அறவே குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவு அல்சைமர் என்ற மறதி நோயைத் தடுக்கும் என்று எலி ஆய்வுகளைக் காட்டிச் சென்ற வாரம் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். எலி என்ன தின்றது, எத்தனை நாள் தின்றது, எந்தச் சோதனையில் தேறியது என்ற மூன்றும் அதில் இல்லை. சங்கதியே அதில்தானே இருக்கிறது!

பலரும் காட்டும் ஆய்வு 2005-இல் வந்தது. அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்துக்கான மனித மரபணு செருகிய இளம் சுண்டெலிகளுக்கு 43 நாள் கீட்டோ தீனி. எடையில் ஏறக்குறைய 79 சதவீதம் கொழுப்பு, மாவுச்சத்து 1 சதவீதம்கூட இல்லை. மூளையில் கரையும் அமிலாய்டு சுமார் 25 சதவீதம் குறைந்தது. ஆனால் பழைய பொருள் எது, புதுப் பொருள் எது என்று பிரித்தறியும் நினைவுச் சோதனையில் மாற்றமே இல்லை. 2013-இல் இரு வகை எலிகளை வைத்து நடந்த ஆய்வில் அமிலாய்டும் குறையவில்லை, அந்த நோயில் சேரும் இன்னொரு புரதமான டௌவும் குறையவில்லை, நினைவும் கூடவில்லை. சுழலும் உருளையிலிருந்து விழாமல் தாக்குப்பிடிக்கும் திறன்தான் கூடியது. 2024-இல் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தார் ஏழு மாதம் கொடுத்துப் பார்த்ததில், நினைவுக்கு அடிப்படையான நரம்பு இணைப்புகள் வலுப்படும் திறன் தேறியது, அமிலாய்டு அப்படியே இருந்தது. ஆக, அமிலாய்டு குறைந்தது என்றால் மறதி குறைந்தது என்று பொருளல்ல.

இந்தத் தீனி கட்டியாக இருக்காது, வெண்ணெய்போலக் குழகுழவென்றிருக்கும். கிண்ணத்தில் வைத்தால் ரோமமெல்லாம் பூசிக்கொள்ளும். அடிக்கடி மாற்றாவிட்டால் காறல் அடித்து எலி தின்னாது. பட்டினி கிடக்கும் எலிக்குத் தானாகவே கீட்டோன் (கொழுப்பிலிருந்து ஈரல் உண்டாக்கும் எரிபொருள்) ஏறும், எடையும் குறையும். பலன் கொழுப்பாலா பட்டினியாலா என்று எப்படிச் சொல்வது? புரதத்தைக் கூட்டினால் கீட்டோன் ஏறாது. புரதத்தைக் குறைத்து, கோலின் என்ற சத்தும் போதாமல் போனால் ஈரலில் கொழுப்பு படியும். ஆகவே எடையையும், வாலில் எடுத்த ரத்தத்தில் பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட் என்ற முக்கியக் கீட்டோனின் அளவையும் சேர்த்துச் சொல்லாத எலி ஆய்வை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சிறுநீரில் நனைத்துக் கீட்டோன் பார்க்கும் பட்டை இதற்கு உதவாது. அது காட்டுவது அசிட்டோஅசிட்டேட் என்ற வேறொரு கீட்டோனை மட்டும்தான்.

மனிதர்களில்? நியூசிலாந்தில் 26 நோயாளிகளிடம் 12 வாரம் நடந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. அன்றாட வேலைகளைச் செய்வதிலும் வாழ்க்கைத் தரத்திலும் முன்னேற்றம் இருந்தது. சிந்தனைத் திறனில் உறுதியாகச் சொல்லும்படி எதுவுமில்லை.

கீட்டோனுக்குத் தினம் இரண்டு கரண்டி தேங்காயெண்ணெய் போதும் என்று உங்கள் கட்டுரையில் இருந்த வரியைப் படித்துத் திடுக்கிட்டேன். அந்த எண்ணெயில் ஏறக்குறைய பாதி, அவ்வளவு எளிதில் கீட்டோனாகாத லாரிக் அமிலம். ஈரலுக்கு நேராகப் போய்ச் சட்டென்று கீட்டோனாகும் 8, 10 கார்பன் அமிலங்கள் இரண்டும் சேர்ந்தே 15 சதவீதத்துக்குள்தான்.

இன்னொன்று, அவசரமானது. சர்க்கரை நோய்க்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை சாப்பிடுகிறவர் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுச் சோற்றை அடியோடு நிறுத்தினால், சர்க்கரை அதிகம் ஏறாமலேயே கீட்டோன் மிகுந்து ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு எல்லாம் இருக்கும். குளுக்கோமீட்டரில் எண் பயமுறுத்தாது. உடனே மருத்துவமனைக்குப் போய் ரத்தக் கீட்டோன் பார்க்க வேண்டும். இதையாவது அடுத்த இதழில் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்