ஈரோட்டில் நடந்தே போகலாம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க ஈரோடு வருகிறாய் என்றதும் மனசு நிறைந்துவிட்டது. ஊருக்குள் சுற்ற வாடகை வண்டி பேசட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் சாமி. போன தையில் என் நாத்தனாரை ஸ்டேஷனில் ஏற்றிக்கொண்ட ஆட்டோக்காரர், ஒருவழிப்பாதை என்று சொல்லி ஊரையே சுற்றிவிட்டு முந்நூறு வாங்கினார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஸ்டேஷன் முன்னால் நின்று, பி.எஸ். பார்க் போகுமா என்று கேட்டு டவுன் பஸ் ஏறு. சாதாரண பஸ்ஸில் 2021-லிருந்து நம் மாதிரி பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. பார்க்கில் இறங்கிவிட்டால் மணிக்கூண்டு, பெரியார் வாழ்ந்த வீடு, பெரிய மாரியம்மன் கோயில் எல்லாம் நடை தூரம்தான். அந்த வீட்டை மட்டும் விட்டுவிடாதே, அண்ணா விடுதலை பத்திரிகையில் வேலை பார்த்தபோது தங்கிய இடமும் அதுதான். கோட்டை என்று ஒரு பகுதி இருக்கிறது, ஆனால் கோட்டைச் சுவரைத் தேடாதே. 1877 பஞ்சத்தில் கூலி கொடுத்து அதை இடித்துச் சமமாக்கிவிட்டார்கள். மிஞ்சியது பேரும், ஈஸ்வரன் கோயிலும், பெருமாள் கோயிலும்தான்.

ஜவுளிக்கு வா. திங்கள் சாயந்திரம் வந்து சேர். கனி மார்க்கெட் சந்தை அன்று ராத்திரி கூடி செவ்வாய் வரைக்கும் நடக்கும். கேரளா, ஆந்திராவிலிருந்தெல்லாம் வியாபாரிகள் வந்து மூட்டை மூட்டையாகக் கட்டிப் போவார்கள். கட்டுவதற்குள் நீ புகுந்து பார்த்துவிடு. துண்டு எடுத்தால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இழை நெருக்கமாக இருக்கிறதா பார். பந்திக்கு விரிக்க ஜமக்காளம் கேட்டாயே, அதை இங்கே எடுக்காதே. பவானிக்குப் போய் எடுக்கலாம், பஸ்ஸில் அரைமணிதான். அங்கே கோடு போட்ட ஜமக்காளத்தைத் திருப்பிப் பார், அடிப்பக்கமும் மேல்பக்கம் மாதிரியே இருக்கும். அப்படியே காவிரியும் பவானியும் சேரும் கூடுதுறையில் கால் நனைத்துவிட்டு வரலாம். பக்கத்திலேயேதான் 1283-ல் கட்டி முடித்த காலிங்கராயன் அணை. அதிலிருந்து பிரியும் வாய்க்கால் ஈரோட்டைத் தொட்டு கொடுமுடிப் பக்கம் வரைக்கும் போகிறது. எங்கள் தாத்தா மஞ்சள் காட்டுக்கு அந்தத் தண்ணிதான்.

வெயில் ஏறுவதற்குள் காலையிலேயே நடந்துவிடணும், மத்தியானம் நம் வீட்டில் சாப்பாடு. பைக்கட்டு அதிகம் தூக்கி வராதே, திரும்பும்போது உன் கையில் இடம் இருக்காது. அரிசிம்பருப்பு சாதம் செய்து வைக்கிறேன், நெய் ஊற்றித் தின்று எத்தனை வருஷமாச்சு நாம் இரண்டு பேரும்!

எந்த ரயிலில் வருகிறாய் என்று மட்டும் எழுது. ஸ்டேஷனுக்கே வந்துவிடுகிறேன்.

உன் பழைய பெஞ்சுத் தோழி