ராத்திரி பல் கடிக்கும் மகளுக்கு

அன்பு மக்களே,

நீ உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாக உன் ரூம் பெண் சொன்னாள் என்றாயே, அதைக் கேட்டதும் உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள் பார். குற்றவாளி நான்தான். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வருவதுண்டாம்.

பாட்டி இருந்திருந்தால் வயிற்றில் பூச்சி என்று வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டித் தந்திருப்பாள். நான் அப்படி எத்தனையோ உருண்டை விழுங்கியவன். பூச்சி போயிருக்கும், கடி போகவில்லை. போன வருஷம் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் தின்னும்போது வாயில் கல் சிக்கியது. துப்பிப் பார்த்தால் என் கடைவாய்ப் பல்லின் ஓரம்! மார்த்தாண்டத்து டாக்டரம்மா கண்ணாடியைக் கையில் தந்து காட்டினார்: கீழ்ப்பற்களின் முனையெல்லாம் தட்டையாகி, நடுவில் மஞ்சள் தெரிகிறது. உடம்பிலேயே கெட்டியான பொருள் பல்லின் மேலோடான எனாமல்தானாம், அதையே அரைத்துத் தள்ளியிருக்கிறேன். அச்செடுத்து ஒரு பல் கவசம் செய்து தந்தார். அது பல்லைக் காக்கும், கடியை நிறுத்தாது. காலையில் கவசத்தில் கோடு கோடாகத் தேய்ந்திருக்கும்.

நீ வாங்கப்போவதாகச் சொன்ன பயோஃபீட்பேக் கருவி பற்றியும் அவரிடம் கேட்டேன். காதுக்குக் கீழே தாடை மூலையில் விரலை வைத்துப் பல்லைக் கடித்துப் பார், ஒரு உருண்டை எழும், அதுதான் மெல்லும் தசை. அந்தத் தசையோ நெற்றிப்பொட்டுத் தசையோ இறுகும்போது வரும் மின் அசைவைக் கருவி பிடித்து, உடனே உனக்குத் தெரிவிக்கும். 1970களில் வந்தவை சத்தம் போட்டு ஆளையே எழுப்பிவிடுமாம். பல் தப்பும், உறக்கம் போகும். இப்போது உள்ளவற்றில் சில லேசாக அதிரும், சில நெற்றிப்பொட்டில் மெல்லிய மின்துடிப்பு தரும். ஆள் விழிக்காமல் தசை மட்டும் தளரவேண்டும் என்பது எண்ணம். வாயில் கசப்பு நீர் அடைத்த சின்னக் குப்பியை வைத்து, கடித்தால் அது உடைந்து வாயெல்லாம் கசக்கும்படிகூட ஒருவர் செய்து பார்த்திருக்கிறார். பாட்டி கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

எனக்கு இது ரப்பர் மரத்தில் பால் வெட்டப் பழகியதுபோலத் தெரிகிறது. முதல் வருஷம் கத்தி ஆழமாகப் போய்த் தடியில் காயம் விழும். அந்த நொடியே கண்ணில் படுவதால்தான் கை அடுத்த மரத்தில் அடங்கும். மறுநாள் முதலாளி வந்து சொன்னால் கைக்கு என்ன தெரியும்? ஆனால் நான் விழித்துக்கொண்டு வெட்டினேன். நீ உறங்குகிறாய். கருவி மாட்டுகிற நாட்களில் கடி குறைவது பலருக்கு உண்டு, கழற்றியபின் பழையபடி திரும்புவதும் உண்டு என்றார் டாக்டரம்மா. அதனால் அவ்வளவு பணம் போடுமுன் யோசி.

பகலில் பழகுவதற்குச் செலவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நீ பல்லை இறுக்குவாய், பத்தாம் வகுப்புப் பரீட்சையிலேயே பார்த்திருக்கிறேன். உதடு மூடியிருக்கட்டும், பல் ஒன்றோடொன்று தொடவேண்டாம், நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் லேசாக இருக்கட்டும். போனில் மணிக்கு ஒருமுறை அலாரம் வைத்துக்கொள். அதுவும் ஒரு பயோஃபீட்பேக்தான் என்று நினைத்துக்கொள். ராத்திரி காப்பியைக் குறை. (இங்கே கருப்பட்டிக் காப்பி குடித்தே நான் கெட்டேன், அது வேறு கதை.)

இன்னொன்று, கோபப்படாதே. மன அழுத்தத்துக்கு மாத்திரை எதாவது சாப்பிடுகிறாயா? அதில் சில பல்லைக் கடிக்கவைக்குமாம். சாப்பிட்டால் என்னிடம் சொல்லக்கூட வேண்டாம், அங்குள்ள டாக்டரிடம் சொல். நீயாக நிறுத்திவிடாதே. வேலையில் கஷ்டம் என்றபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு மக்களே என்று சொன்னவன் நான். அந்தப் பேச்சை இனிச் சொல்லமாட்டேன்.

உறக்கத்தில் மூச்சடைப்பு இருந்தாலும் கடி வருமாம், அப்படியானால் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான். சரி, நீ குறட்டை விடுகிறாயா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறாயா என்று அந்த ரூம் பெண்ணிடம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது சொல்.

அப்பா