டிராகுலாவை விடு, வான் ஹெல்சிங்கைக் கவனி

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்தபோதுதான் நிம்மதியாக இருந்தது. மருத்துவர் சொன்ன நாள்வரை சொட்டு மருந்தை நிறுத்தாதே. இங்கே எல்லோரும் நலம்.

பிரிட்டிஷ் திகில் படங்களைக் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி, அவற்றில் பெண்கள் எப்படி வருகிறார்கள் என்று நான்கு வாரம் பேசப்போகிறாய் என்றதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் நீ அனுப்பியிருக்கும் அட்டவணை வேண்டாம். எத்தனை பெண்கள் சாகிறார்கள், எத்தனை முறை அலறுகிறார்கள் என்று எண்ணவிட்டால் பிள்ளைகளுக்கு எண்ணிக்கைதான் மிஞ்சும். எந்த நாட்டுத் திகில் படத்தை எடுத்தாலும் கிட்டத்தட்ட அதே விடைதான் வரும். 'கடைசியில் உயிர்தப்பும் பெண்' என்ற கருத்தையும் முதல் வாரத்தில் எடுக்காதே. ஆய்வாளர் கரோல் குளோவர் 1987இல் அதை எழுதியது அமெரிக்கக் கத்திக்குத்துப் படங்களைப் பார்த்து. ஹாமர் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் திகில் படங்களில் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு தம்பதி. அந்தக் கருத்தை அளவுகோலாக வைத்தால், இந்தப் படங்களில் ஏதோ குறைவதுபோலத் தோன்றுமே தவிர, இருப்பது கண்ணில் படாது.

இவற்றில் பார்க்க வேண்டியது 'விஷயம் தெரிந்த ஆண்' என்ற பாத்திரத்தை. அவர் டாக்டராக இருப்பார், பாதிரியாராக இருப்பார், பேராசிரியராக இருப்பார். பேய்க்கு என்ன விதிகள் என்று அவருக்குத் தெரியும். அந்த அறிவை யாரிடம் சொல்கிறார், யாரிடம் மறைக்கிறார், கடைசியில் யார் உடம்பின்மேல் அதைச் செலுத்திக் காட்டுகிறார் என்று கவனித்தால், பெண்ணுக்கு அந்தப் படம் என்ன இடம் கொடுத்திருக்கிறது என்பது தெளிவாகிவிடும்.

முதல் வாரம் இயக்குநர் டெரன்ஸ் ஃபிஷர் ஹாமருக்காக எடுத்த 1958 'டிராகுலா'வைப் போடு. 82 நிமிடம்தான், பேச நேரம் மிஞ்சும். டிராகுலாவிடம் கடிபட்ட லூசி படுக்கையில் கிடக்கிறாள். டிராகுலாவைத் தேடி வந்திருக்கும் டாக்டர் வான் ஹெல்சிங், லூசியின் சகோதரன் ஆர்தரின் மனைவி மினாவிடம் பூண்டுப் பூவை அறையில் வை, ஜன்னலைத் திறக்காதே, அவள் கெஞ்சினாலும் எடுக்காதே என்கிறார். ஏன் என்று சொல்வதில்லை. இரவில் லூசி மூச்சு முட்டுகிறது என்று கெஞ்ச, வேலைக்காரி கெர்டா இரக்கப்பட்டுப் பூவை எடுத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுகிறாள். காலையில் லூசி பிணம். கெர்டாவின் முட்டாள்தனம் என்று பிள்ளைகள் உடனே சொல்வார்கள். அங்கேயே நிறுத்தி, அவளுக்கு யார் என்ன சொல்லியிருந்தார்கள் என்று கேள். காரணம் சொல்லாமல் கட்டளை மட்டும் கொடுத்தால், நல்ல மனசுள்ளவள்தான் அதை முதலில் மீறுவாள். இந்தப் படத்தின் கதையே அந்த விரிசலில்தான் ஓடுகிறது.

பிற்பாதியில் அதே தவறு இன்னும் பெரிதாக நடக்கிறது. ஆர்தரும் வான் ஹெல்சிங்கும் ராத்திரி முழுக்க வீட்டுக்கு வெளியே நின்று மினாவின் ஜன்னலைக் காவல் காக்கிறார்கள். டிராகுலாவின் சவப்பெட்டியோ அந்த வீட்டு நிலவறையிலேயே இருக்கிறது. கெர்டாவை ஒயின் எடுத்துவரச் சொல்லும்போது, 'அம்மா நிலவறைக்குப் போகக் கூடாதென்று சொல்லியிருக்கிறார்' என்று அவள் தயங்குகிறாள். வான் ஹெல்சிங்குக்கு உண்மை புரிவது அந்த ஒரு வாக்கியத்தில்தான். அறிஞர் தேடிக்கொண்டிருந்த தகவல் இவ்வளவு நேரமும் வேலைக்காரியிடம் இருந்திருக்கிறது, யாரும் அவளைக் கேட்கவில்லை.

பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலைப் படித்த பிள்ளை யாராவது இருந்தால், அங்கே மினா என்ன வேலை செய்கிறாள் என்று சொல்லச் சொல். சுருக்கெழுத்து தெரிந்தவள், தட்டச்சு செய்பவள். எல்லோருடைய நாட்குறிப்பையும் தேதிவாரியாக அடுக்கி வழக்கையே உருவாக்குபவள் அவள். ஜிம்மி சாங்ஸ்டரின் திரைக்கதையில் அந்த வேலை மொத்தமும் போய்விட்டது. மினா ஆர்தரின் மனைவி, அவ்வளவுதான். குறிப்புகளை ஒலிப்பதிவுக் கருவியில் பேசிப் பதிவுசெய்பவர் வான் ஹெல்சிங். ஒரு பாத்திரத்தின் கையிலிருந்து வேலையைப் பிடுங்கினால் மிஞ்சுவது கழுத்துதான்.

ஆனாலும் மெலிசா ஸ்டிரிப்ளிங் அந்த மினாவை வெறும் இரையாக நடிக்கவில்லை. டிராகுலாவைச் சந்தித்த இரவு கழிந்து, கழுத்தை மறைக்கும் காலரோடு காலையில் வீட்டுக்குள் வருகிறாளே, அந்த முகத்தை நிறுத்திவைத்துக் காட்டு. பயமோ மயக்கமோ அதில் இல்லை. கணவனுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தனக்குத் தெரியும் என்ற நிறைவான சிரிப்பு. படம் முழுவதிலும் மினாவுக்கென்று ஒரு ரகசியம் இருப்பது அந்தச் சில நொடிகளில்தான். எந்தப் பிரதியைப் போடுகிறாய் என்பதும் முக்கியம். தணிக்கையில் வெட்டுப்பட்ட சில ஷாட்கள் ஜப்பானியப் பிரதியில் தப்பிப் பிழைத்தன. 2013இல் வந்த ப்ளூ-ரேயில் அவற்றைச் சேர்த்திருக்கிறார்கள். டிராகுலா மினாவை நெருங்கும் காட்சியில் அவள் முகம் கூடுதலாகத் தெரிவது அதில்தான். பழைய டிவிடியைப் போட்டால் நீ பேச நினைக்கும் விஷயமே திரையில் குறைந்துபோகும்.

இரண்டாவது வாரம் 'டிராகுலா: பிரின்ஸ் ஆஃப் டார்க்னெஸ்', 1966, இதுவும் ஃபிஷர் இயக்கியது. இதற்கு அதிக நேரம் ஒதுக்கு. என் கணக்கில் இந்த மரபு முழுதாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும் படம் இதுதான்.

தொடக்கத்தில் இறந்துபோன ஒரு இளம்பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஊர்க்காரர்கள் காட்டுக்குள் போகிறார்கள். ரத்தக் காட்டேரியாகிவிடுவாள் என்ற பயத்தில் அவள் நெஞ்சில் மரமுளை அடிக்கப் பார்க்கிறார்கள், தாய் கதறுகிறாள். துறவி சாண்டர் வந்து தடுத்து, இது மூடநம்பிக்கை என்று எல்லோரையும் திட்டி விரட்டுகிறார். நல்ல மனிதர், அறிவாளி என்று நமக்கு அவர் அறிமுகமாவது இப்படி. பிறகு சத்திரத்தில் நான்கு ஆங்கிலேயப் பயணிகளிடம் டிராகுலாவின் கோட்டைப் பக்கம் போகாதீர்கள் என்கிறார். நால்வரில் அந்த எச்சரிக்கையைக் கடைசிவரை பொருட்படுத்துபவள் ஹெலன் ஒருத்திதான். கோட்டைக்குள் போன பிறகும் இந்த இடம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். கணவன் ஆலன் அதட்டுகிறான், மைத்துனன் சார்ல்ஸ் சிரிக்கிறான். பார்பரா ஷெல்லி அவளை இறுக வாரிய கொண்டையும் மூடிய உடையும் சுருங்கிய உதடுமாக நடிக்கிறார். இவள் சிடுசிடுப்புக்காரி என்று நாம் நினைக்கும்படி எல்லாம் ஏற்பாடாகியிருக்கிறது. ஆனால் அவள் சொன்ன ஒவ்வொன்றும் சரியாகிறது.

கடிபட்ட பிறகு தலைமுடி அவிழ்ந்து விழுகிறது, உடை மெல்லிய இரவு ஆடையாகிறது, குரல் தணிகிறது, சிரிப்பு வருகிறது. உடை, முடி, குரல், எவ்வளவு நெருங்கி நிற்கிறாள் என்ற நான்கையும் கடிக்கு முன், கடிக்குப் பின் என்று பிள்ளைகளைக் குறித்துக்கொள்ளச் சொல். ஹாமர் படங்களில் 'கெட்டவளாக' மாறுவதன் அடையாளங்கள் இந்த நான்கும்தான். பத்துப் படங்களில் பொருத்திப் பார்க்கலாம்.

பிறகு மடாலயம். துறவிகள் ஹெலனைப் பிடித்து மேசைமேல் கிடத்திக் கைகால்களை அழுத்திக்கொள்கிறார்கள். அவள் திமிறுகிறாள், சீறுகிறாள், சுற்றிலும் ஆண்கள். சாண்டர்தான் முன்னே நிற்கிறார். மரமுளை இறங்கியதும் அவள் முகம் அமைதியாகிறது, அவளுக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று நமக்குச் சொல்லப்படுகிறது. முதல் காட்சியில் ஒரு பெண்ணின் உடலை முளையிலிருந்து காப்பாற்றிய அதே மனிதர், தன் எச்சரிக்கையை மதித்த ஒரே பெண்ணின் நெஞ்சில் அதை இறக்குகிறார். ஃபிஷர் இதை வேகமாகக் கடந்து போகவில்லை. டிராகுலாவின் முடிவு பனிக்கட்டி உடைந்து தண்ணீரில் மூழ்குவதோடு போகிறது, அதில் வலி இல்லை. ஹெலனின் முடிவைத்தான் பார்ப்பவர் உடம்பு உணர்கிறது. இதைப் பெண்ணுக்கு எதிரான படம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காட்சியின் கொடுமையை ஃபிஷர் தெரிந்தேதான் எடுத்திருக்கிறார் என்பது என் உறுதியான எண்ணம். கை, கால், முகம் என்று கேமரா எங்கெங்கே போகிறது என்று இரண்டு முறை ஓட்டிக் காட்டு, நீயே ஒத்துக்கொள்வாய்.

1970க்குப் பிந்தைய படங்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். பிரிட்டனில் தணிக்கை விதி மாறியதைச் சொல்லாமல் அவற்றைப் பேசக் கூடாது. 1951இல் வந்த 'எக்ஸ்' சான்றிதழ் 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. 1970இல் அது 18 ஆனது. அதே ஆண்டு 'தி வாம்பயர் லவர்ஸ்' வந்தது. லெ ஃபானுவின் 'கார்மில்லா' என்ற ரத்தக் காட்டேரிக் குறுநாவலைத் தழுவிய கதை. பெண்ணின்மேல் பெண்ணுக்கு ஆசை, கூடவே நிர்வாணம். அதுவரை கொண்டை அவிழ்வதில் சொன்னதை இனி உடை அவிழ்வதில் சொல்ல முடிந்தது. அதனால் பெண் பாத்திரம் விரிந்ததா? என்னைக் கேட்டால், சுருங்கியது. முகத்தின்மேல் நின்ற கேமரா கீழே இறங்கிவிட்டது. இங்ரிட் பிட் மட்டும் கார்மில்லாவுக்கு ஒரு துக்கத்தைக் கொடுத்துப் படத்தைத் தாங்குகிறார். முடிவில் அங்கும் வயதான ஆண்கள் கூடி, முளை அடித்துத் தலையை வெட்டுகிறார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டின் 'ஃபிராங்கன்ஸ்டைன் மஸ்ட் பி டிஸ்ட்ராய்ட்' படத்தையும் நீ பட்டியலில் வைத்திருக்கிறாய். அதில் ஒரு வன்புணர்ச்சிக் காட்சி இருக்கிறது. ஹாமர் தலைவர் ஜேம்ஸ் கரேராஸின் வற்புறுத்தலால் படப்பிடிப்பின் பிற்பகுதியில் நுழைத்தது அது. ஃபிராங்கன்ஸ்டைனாக நடித்த பீட்டர் குஷிங்கும் இயக்குநர் ஃபிஷரும் விரும்பவில்லை. மற்ற காட்சிகள் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதால், வெரோனிகா கார்ல்சனின் பாத்திரம் அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. ஒரு பெண்ணுக்கு நடந்ததற்குக் கதையில் எந்த விளைவும் இல்லாமல் போவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. வகுப்பில் திரையிடாதே, வாயால் சொன்னால் போதும்.

மூன்றாவது வாரத்துக்கு 'ஹேண்ட்ஸ் ஆஃப் தி ரிப்பர்', 1971, பீட்டர் சாஸ்டி இயக்கியது. தயாரிப்பாளர் ஐடா யங் என்ற பெண்மணி. அதற்கு முன்பே ஹாமருக்காக மூன்று டிராகுலா படங்களைத் தயாரித்தவர். பெண் தயாரிப்பாளர் என்பதாலேயே எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'விஷயம் தெரிந்த ஆண்' இங்கே முதன்முறையாகக் குற்றவாளிக் கூண்டுக்கு வருகிறார். அன்னா என்ற பெண், 'ஜாக் தி ரிப்பர்' என்ற லண்டன் தொடர்கொலைகாரனின் மகள். சிறு வயதில் கணப்பு வெளிச்சத்தில் அப்பா அம்மாவைக் கொன்றதைப் பார்த்தவள். பிறகு அவன் அவளைத் தூக்கி முத்தமிட்டான். ஆகவே மினுங்கும் வெளிச்சமும் முத்தமும் ஒன்றாகச் சேர்ந்தால் அவள் கொல்கிறாள். டாக்டர் பிரிட்சர்ட் அவளைத் தன் வீட்டுக்கே கூட்டி வருகிறார். கொலை செய்தவள் அவள்தான் என்று தெரிந்தும் போலீஸிடமிருந்து மறைக்கிறார். ஆராய்ச்சி செய்து குணப்படுத்திக் காட்ட வேண்டுமாம். அந்த ஆசைக்கு முதலில் பலியாவது வீட்டு வேலைக்காரி டாலி. கெர்டாவுக்குச் சொல்லாததுபோலவே டாலிக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை. இந்த இரண்டு வேலைக்காரிகளையும் பிள்ளைகள் தாங்களாகவே இணைத்துப் பார்த்தால் உன் மூன்று வாரமும் பலித்துவிட்டது என்று வைத்துக்கொள். முடிவில் விலாவில் வாள் ஏறியவர் பிரிட்சர்ட். கதவுக் கைப்பிடியில் வாளின் பிடியை மாட்டி, தன் உடம்பிலிருந்து தானே அதை இழுத்து எடுக்கிறார். முளை அடிக்கும் காட்சி ஆணின் உடம்புக்குத் திரும்பி வந்திருக்கிறது.

நான்காவது வாரத்துக்கு நீ யோசித்திருந்த 'பீப்பிங் டாம்' சரியான தேர்வு. 1960இல் வந்த படமானாலும் கடைசியில் போடுவதுதான் நல்லது. பெண்களைக் கொல்லும்போதே படம்பிடிக்கும் மார்க்கின் கேமரா முக்காலியின் ஒரு காலில் கத்தி, கூடவே ஒரு கண்ணாடி. சாகிறவள் தன் பயத்தையே பார்த்துக்கொண்டு சாக வேண்டும். அவனை அப்படி ஆக்கியது விஞ்ஞானி அப்பா, மகனின் பயத்தைப் படம்பிடித்து ஆராய்ந்தவர். அந்த அப்பாவாக இயக்குநர் மைக்கேல் பவலே வருகிறார், சிறுவன் அவருடைய சொந்த மகன். மார்க் வீட்டில் குடியிருக்கும் ஹெலன் (இவள் வேறு ஹெலன்) என்பவளின் பார்வையற்ற அம்மாவை மட்டும் மார்க்கால் எதுவும் செய்ய முடியவில்லை. கண்ணாடி அவரிடம் பலிக்காது, அதோடு மார்க்கிடம் ஏதோ சரியில்லை என்று முதலில் உணர்பவரும் அவர்தான். சொல்லித்தராமலே தெரிந்துகொள்ளும் பெண் இந்த வரிசையில் அவர் ஒருவரே. அந்தக் காட்சி வரும்போது வகுப்பில் விளக்கைப் போடாதே, முழுதாக ஓடட்டும்.

ஐந்தாவது வாரம் கிடைத்தால் நீல் மார்ஷலின் 'தி டிசென்ட்', 2005. குகைக்குள் ஆறு பெண்கள், விளக்கிச் சொல்ல ஆண் யாரும் இல்லை. ஆனால் உண்மையை மறைக்கும் பழைய வேலையை இங்கே ஜூனோ என்ற பெண்ணே செய்கிறாள். யாரும் இதுவரை இறங்காத குகை இது என்று மற்றவர்களிடம் சொல்லாமலே கூட்டிவருகிறாள். ஆண் இல்லாததால் மரபு மறையவில்லை, ஆள் மட்டும் மாறியிருக்கிறது என்பது நல்ல விவாதமாகும். பிரிட்டிஷ் பதிப்பையே வாங்கு. அமெரிக்கத் திரையரங்குப் பதிப்பில் சாரா காரில் இருக்கும்போதே படம் முடிந்துவிடும். முழுப் பதிப்பில் அவள் குகைக்குள்ளேயேதான் கண் விழிக்கிறாள்.

தாளில் மூன்று கேள்வி போதும்: யாருக்கு விஷயம் தெரியும்? யாரிடம் சொல்லவில்லை? முளை இறங்கும்போது திரையில் யார் முகம் இருக்கிறது? மூன்றாவதற்குப் படத்தை நிறுத்தித்தான் பதில் எழுத முடியும், அதனால் ரிமோட்டை உன் கையிலேயே வைத்துக்கொள். இரண்டாவது வாரத்து ஹெலன் காட்சிக்குப் பிள்ளைகள் என்ன எழுதினார்கள் என்பதை அப்படியே எனக்கு அனுப்பு. எனக்கு அதைப் படிக்க வேண்டும்.

அன்புடன்,
கோமதி