ஷட்டர் ரிமோட்டும் உப்புக்காற்றும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பகுதிகளில் புதிதாகக் கட்டும் வீடுகளில் கார் ஷெட்டுக்கு மோட்டார் வைத்த ரோலிங் ஷட்டர் போடும் வழக்கம் வந்துவிட்டது. ஆனால், அதன் ரிமோட் திடீரென நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஷட்டரைப் பொருத்துகிறவர்கள் சொல்லிக்கொடுப்பதில்லை. அதனால் நாங்கள் பட்ட பாட்டை மற்றவர்களும் படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கடந்த ஆடி மாதம், ஒரு விடியற்காலையில் மூச்சுத்திணறலால் தவித்த என் தாயாரை ராமநாதபுரத்துக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தபோது ஷட்டர் திறக்கவில்லை. ரிமோட்டின் சிவப்பு விளக்கு எரிந்ததால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பி, கால்மணி நேரம் பொத்தானை அழுத்திக்கொண்டே நின்றேன். சுவர் சுவிட்சும், மின்சாரம் இல்லாதபோது இழுக்க வேண்டிய கைச்சங்கிலியும் ஷெட்டுக்கு உள்ளேயே இருந்தன. உள்ளே போக வேறு வாசல் இல்லை. கடைசியில் தெருமுனையில் இருக்கும் தம்பியின் ஆட்டோவில்தான் அம்மாவைக் கொண்டு சேர்த்தோம்.

ஷட்டர் பொருத்தியவரைத் தொலைபேசியில் அழைத்தபோது, ரிமோட்டும், அதன் சைகையை வாங்கி மோட்டாரை ஓட்டும் ரிசீவரும் போய்விட்டன, புது செட் வாங்குங்கள் என்றார். ஆனால் முன்பு டிவி பழுது பார்த்துவந்த பக்கத்து வீட்டுப் பெரியவர், ஒரு ரூபாய் நாணயத்தை விளிம்பில் கொடுத்து நெம்பி ரிமோட்டைத் திறந்து காட்டினார். பேட்டரியைத் தாங்கும் சிறு தகட்டின் மேல் பச்சைக் களிம்பு, பாசி போலப் படர்ந்திருந்தது. பென்சில் அழிக்கும் ரப்பரால் அதைத் தேய்த்தெடுத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, உலர விட்டு, புதிய பேட்டரியைப் போட்டதும் ஷட்டர் ஒரே அழுத்தில் மேலேறியது.

விளக்கு எரிவதை வைத்து பேட்டரியை நம்பக்கூடாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். சிறு விளக்குக்குப் போதுமான மின்சாரம், சைகை அனுப்பும் பகுதிக்குப் போதாமல் போகலாம். ரிமோட்டுகளில் போடும் பேட்டரியும் ஒரே வகையல்ல. வில்லை வடிவ சிஆர்2032 பேட்டரிக்கு 3 வோல்ட். சிறு குச்சி போன்ற 27ஏ, 23ஏ இரண்டுக்குமே 12 வோல்ட் என்றாலும் பருமன் வேறு. ஆகவே பழையதைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி வாங்குவதே நல்லது. வில்லை பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடக்கூடும் என்பதால், கழற்றிய பேட்டரியை அலமாரி மேல் போட்டு வைக்காதீர்கள்.

நம் கரையில் கச்சான் காற்று அள்ளிவரும் உப்பு, ஈரத்தை இழுத்துப் பிடித்துச் செம்பையும் இரும்பையும் அரிக்கிறது. உலோகங்கள் எவ்வளவு அரிக்கப்படுகின்றன என்று சோதிப்பதற்குக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்த இடங்களில் நம் மண்டபமும் ஒன்று. இப்படிப்பட்ட ஊரில், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ரிமோட்டைத் திறந்து துடைத்துவிடுவது அவசியம்.

சுவர் சுவிட்சில் ஷட்டர் ஓடி, ரிமோட்டில் மட்டும் ஓடவில்லை என்றால் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. இரண்டு ரிமோட்டுகளும் ஒரே நேரத்தில் நின்றால் ரிசீவரைப் பாருங்கள். அதிலிருந்து தொங்கும் ஆன்டெனா கம்பி அறுந்திருக்கலாம். 433 மெகாஹெர்ட்ஸ் வகைக்கு அது ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அருகில் புதிதாக மாட்டிய மலிவான எல்இடி பல்பு கிளப்பும், காதுக்குக் கேட்காத மின்காந்த இரைச்சலும் சைகையைக் கெடுப்பதுண்டு. பல்பை அணைத்துவிட்டு ரிமோட்டை அழுத்தினாலே அது தெரிந்துவிடும். அழுத்துந்தோறும் குறியீடு மாறும் ரிமோட்டைக் குழந்தைகள் வெகு தொலைவில் வைத்துக்கொண்டு பலமுறை அழுத்தினால், ரிசீவருக்கும் அதற்கும் கணக்குத் தவறிவிடும். அப்போது ரிசீவரில் உள்ள ‘லேர்ன்’ பொத்தானை அழுத்தி ரிமோட்டை மீண்டும் பதிவு செய்தால் போதும், புதிதாக வாங்க வேண்டியதில்லை.

ஷட்டர் விற்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பக்கவாசல் இல்லாத ஷெட்டாக இருந்தால், வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்கும் சுவிட்ச் ஒன்றையும், மின்தடையின்போது வெளியிலிருந்தே மோட்டாரை விடுவிக்கும் வசதியையும் கட்டாயம் பொருத்துங்கள். பணத்தை வாங்குவதற்கு முன், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வீட்டில் உள்ள பெண்களையும் முதியவர்களையும் ஒருமுறையாவது தங்கள் கையாலேயே ஷட்டரைத் திறந்து பார்க்கச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், மண்டபம்