எழுத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளிடம் வரலாமா என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று கையேடு எழுதும் ஆவண எழுத்தாளர் வேலையை விட்டுவிட்டு, ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணினி கற்றுக்கொடுக்க வந்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். கோவைப் பக்கம் சரவணம்பட்டியிலும் கீரணத்தத்திலும் இதே வேலையில் இருக்கும் வேறு சிலரும் என்னிடம் இதைக் கேட்டிருப்பதால், உனக்கு எழுதும் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பிள்ளைகளிடம் வா, ஆனால் எழுத்தை விடாதே என்பதுதான் என் பதில். நம் பக்கத்தில் கணினி கற்பிக்க ஆள் கிடைக்காதது ஒரு குறை; கற்பித்தவர் வீட்டுக்குப் போன பிறகும் பிள்ளையின் கையில் இருக்கும்படி, தமிழில் ஒழுங்காக எழுதிய பாடம் இல்லாதது அதைவிடப் பெரிய குறை. அந்தக் குறையைத் தீர்க்கத் தேவையான பயிற்சி உன் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது.

எழுத்தாளர் என்றால் கதை எழுதுகிறவர் என்றே நம் சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். நீ எழுதுவதை யாரும் பொழுதுபோக்குக்காகப் படிப்பதில்லை; செய்துகொண்டிருந்த வேலை பாதியில் நின்றுபோய், அடுத்து எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் தவிக்கிறவர்தான் அதைத் தேடி வருகிறார். அதனால்தான் ஒரு படிக்கு ஒரு செயல் என்று எழுதுகிறாய். செய்ததும் திரையில் என்ன தோன்ற வேண்டும், தோன்றாவிட்டால் எங்கே பார்க்க வேண்டும் என்று சேர்க்கிறாய். பிறகு எதுவும் நிறுவப்படாத ஒரு கணினியில் முதல் வரியிலிருந்து நீயே செய்து பார்க்கிறாய். நிரல் எழுதியவர் ‘இது யாருக்கும் தெரியுமே’ என்று விட்டுப்போன சிறு படியைக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர். பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இடத்திலும் வேறு எதையும்விட அதுவே தேவைப்படுகிறது.

பெருந்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் சீனாபுரம்தான் பவணந்தி முனிவரின் ஊர் என்று இங்கே சொல்வார்கள். அவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலைப் புணர்ச்சி விதிக்காக மட்டும் பள்ளியில் படித்துவிட்டு விட்டுவிட்டோம். அதன் பாயிரத்தை மறுபடியும் எடுத்துப் படி. குன்றக்கூறல், மிகைபடக்கூறல், கூறியது கூறல், மயங்கவைத்தல், மற்றொன்று விரித்தல் என்று அவர் அடுக்கும் குற்றங்கள், உன் வரைவைத் திருத்துகிறவர் ஓரத்தில் எழுதி அனுப்பும் குறிப்புகளேதாம். அதே பாயிரம், ஆசிரியர் விரையாமலும் வெகுளாமலும் ‘கொள்வோன் கொள்வகை அறிந்து’, அதாவது படிக்கிறவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்று அறிந்து, கற்பிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நூல் எழுதுவதையும் பாடம் சொல்வதையும் அவர் ஒரே இடத்தில் வைத்துப் பேசியிருப்பதைக் கவனி.

கொள்வகை என்பது என்ன என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது ஆமைப் பாடம். சீமூர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலஸ் ஃபோய்ர்ட்சைக் ஆகியோர் 1967இல் குழந்தைகளுக்கென்றே உருவாக்கிய லோகோ மொழியில், திரையில் இருக்கும் ஆமைக்கு முன்னே போ, திரும்பு என்று கட்டளையிட்டுப் படம் வரையலாம். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு நான் நடத்தும் வகுப்பில் அதைக் கணினி இல்லாமலே தொடங்குகிறேன். செம்மண் தரையில் ஒரு பிள்ளை ஆமையாக நிற்கும். மற்றவர்கள் கட்டளை சொல்வார்கள். பத்து அடி முன்னே, 90 பாகை வலப்புறம் என்று நான்கு முறை சொன்னால் சதுரம் வந்துவிடும். அடுத்து முக்கோணம் வரையச் சொன்னால், பெரும்பாலான பிள்ளைகள் 60 பாகை என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று பள்ளியில் படித்திருக்கிறார்கள். அந்த இடத்தில் வாயைத் திறந்து திருத்திவிடக் கூடாது, கண்ணு. ஆமையை நடக்க விட வேண்டும். மூன்றாவது பக்கம் முடிந்தும் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பாமல், கோடு விரிந்துகொண்டே போவதைப் பார்த்துப் பிள்ளைகள் தாங்களாகவே இன்னும் மூன்று பக்கம் நடக்கச் சொல்வார்கள். அறுகோணம் வந்து நிற்கும். திரும்ப வேண்டியது உட்கோணம் அல்ல, வெளிக்கோணம், அதாவது 120 பாகை என்பதும், எந்த உருவமானாலும் ஒரு சுற்று முடியும்போது மொத்தம் 360 பாகை திரும்பியிருப்போம் என்பதும் அதன்பிறகு ஒருவரும் மறப்பதில்லை.

நான் பார்த்த பாடக் குறிப்புகளில் அந்த 60 பாகைத் தவறு இல்லை. சரியான நிரல் மட்டும் அச்சிடப்பட்டிருக்கிறது. உன் நிறுவனத்துக் கையேட்டில் பிழைச்செய்தி வந்தால் என்ன செய்வது என்று ஒரு பகுதி எழுதுகிறாயே, அதே அக்கறையோடு பிள்ளை எங்கே தடுக்கி நிற்கும் என்பதையும், அப்போது ஆசிரியர் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்க வேண்டும் என்பதையும் எழுதி வைத்தால், கணினி படிக்காத ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியரும் அந்தப் பாடத்தை நடத்திவிடுவார். நீ ஒருத்தி எத்தனை ஊருக்குப் போக முடியும்?

உதாரணங்களுக்கு வெளியே தேட வேண்டியதில்லை. சிறுமுகை, சென்னிமலைப் பக்கம் நெசவு வீட்டுப் பிள்ளைகளுக்கு, தறிக்கு மேலே ஏறி இறங்கும் துளையிட்ட அட்டைகள் தெரிந்த பொருள்தான். துளை இருந்தால் கொக்கி பாவு நூலைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. கணினிக்குள் எல்லாமே ஒன்று, சுழியம் என்ற இரண்டால் குறிக்கப்படுவதை விளக்க இதைவிட வேறென்ன வேண்டும்? பிரான்சு நாட்டின் ஜக்கார்டு 1804இல் செய்த அந்த ஏற்பாட்டைத்தான் ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் எந்திரத்துக்குக் கட்டளை கொடுக்க எடுத்துக்கொண்டார். ஜக்கார்டு தறி பூவையும் இலையையும் நெய்வதுபோல் அந்த எந்திரம் இயற்கணிதத்தை நெய்யும் என்ற பொருளில், அதைப் பற்றி விளக்கக் குறிப்புகள் எழுதிய கணித அறிஞர் ஏடா லவ்லேஸ் 1843இல் எழுதினார். தன் தாத்தாவின் தறி இந்த வரலாற்றில் இருக்கிறது என்று தெரியும்போது ஒரு பிள்ளையின் முகம் மாறுவதை நீ பார்க்க வேண்டும்.

தமிழ் எழுத்தும் அப்படி ஒரு பாடம். ‘ஈரோடு’ என்பதில் எத்தனை எழுத்து என்று கேட்டால் பிள்ளைகள் மூன்று என்பார்கள். பைத்தான் என்ற நிரல் மொழியில் அந்தச் சொல்லின் நீளம் கேட்டால் ஐந்து என்று வரும். 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தராமல், கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் முறையான ஒருங்குறி (யூனிகோட்) ‘ரோ’வை ர என்றும் ஓகாரக் குறி என்றும் இரண்டாக வைக்கிறது. இலக்கணத்தில் க் என்ற மெய்யோடு அகரம் சேர்ந்து க ஆகிறது. கணினியிலோ க முதலில் இருக்க, புள்ளி பின்னால் வந்து சேர்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் வரும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை; ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கே இது புரிகிறது.

வருமானத்தைப் பற்றி உன் அம்மா கவலைப்படுவது நியாயம். பிள்ளைகளிடம் வாங்கும் கட்டணத்தில் குடும்பம் நடக்காது. நடத்த முயன்றால் சான்றிதழும் போட்டிப் பரிசும் காட்டிப் பெற்றோரை இழுக்க வேண்டிவரும், அதை நீ செய்ய மாட்டாய். அரசுப் பள்ளியில் கணினிப் பயிற்றுநராக வேண்டுமென்றால் முதுநிலைப் பட்டத்தோடு பி.எட். முடித்து, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வையும் எழுத வேண்டும். அது நல்ல வழி, ஆனால் நீண்ட வழி. அதுவரை ஒப்பந்த அடிப்படையில் ஆவணம் எழுதிக் கொடுத்து, காலையை அதற்கும் மாலையைப் பிள்ளைகளுக்கும் வைத்துக்கொள்வதே சரி என்று நினைக்கிறேன். 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு ஆவண எழுத்தாளருக்கு வேலை இருக்குமா என்றும் கேட்டிருந்தாய். வரைவு எழுதுவது மலிந்துவிட்டது, உண்மைதான். எழுதியது உண்மையா என்று கையால் செய்து பார்ப்பதும், படிக்கிறவர் எந்த வரியில் நின்றுபோவார் என்று முன்கூட்டியே அறிவதும் மலியவில்லை. பிள்ளைகளோடு உட்காரும் மாலைகள் அந்த இரண்டாவது திறமையை உன்னிடம் கூர்மையாக்கும்.

வேலையை விடுவதாகக் கடிதம் கொடுப்பதற்கு முன்னால் ஒன்று செய். சதுரமும் முக்கோணமும் வரையும் அந்த முதல் பாடத்தை, ஆசிரியருக்கு இரண்டு பக்கமும் பிள்ளைக்கு ஒரு பக்கமுமாகத் தமிழில் எழுதி அனுப்பு. கணினியில் செய்யும் பகுதிக்கு, கட்டளைக் கட்டைகளை அடுக்கிப் பிள்ளைகள் நிரல் எழுதும் ஸ்கிராட்சை எடுத்துக்கொள். இணையம் இல்லாத பள்ளியிலும் அதை நிறுவிக்கொள்ளலாம். நான் பாடம் நடத்தாமல், பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவரிடம் உன் தாளைக் கொடுத்து நடத்தச் சொல்லிவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்து, அவரும் பிள்ளைகளும் எந்த வரியில் தயங்கினார்கள் என்று குறித்து அனுப்புகிறேன். அதைத் திருத்தி நீ மறுபடியும் அனுப்பும்போது, வேலையைப் பற்றிப் பேசலாம்.

அன்புடன்,
உன் சித்தி,
பெருந்துறை.