தலையில் அடிபட்ட பிள்ளையை உட்கார வையுங்கள், சார்

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித்தரும் பயிற்சியாளர்களுக்கும் பி.இ.டி. ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

கபடி ஆடும் பையனின் அம்மாவாக எழுதுகிறேன். சம்பா அறுவடை முடிந்தால் ஊருக்கு ஊர் லைட் கட்டி ராத்திரி ஆட்டம்தான். நம் வண்டல் மண் காய்ந்துவிட்டால் தரை பாறை மாதிரி ஆகிவிடும். பாடி வருகிறவனை நாலு பேர் அமுக்கும்போது தலையோடு தலை மோதும், பின்மண்டை தரையில் அடிக்கும். முகத்தில் தண்ணீர் அடித்து, "ஒண்ணுமில்லடா, எழுந்திரு" என்று அடுத்த ரெய்டுக்கு அவனையே அனுப்புகிறோம்.

மயங்கி விழுந்தால்தான் மூளையில் அதிர்ச்சி என்று நினைக்கிறோம். பெரும்பாலானவர்கள் மயங்குவதே இல்லை. ஸ்கேனிலும் அநேகமாக ஒன்றும் தெரியாது. நீங்கள் கேட்டால்தான் தெரியும்: ஸ்கோர் என்ன, எந்த ஊர் செட்டோடு ஆடுகிறோம்? பதில் தெரியாமல் முழித்தாலோ, தள்ளாடினாலோ, தலை வலிக்கிறது, லைட் கண்ணைக் கூசுகிறது என்றாலோ அன்றைக்கு அவன் ஆட்டம் முடிந்தது. அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டாலும் திரும்ப இறக்காதீர்கள். முதல் அடி ஆறுமுன் இன்னொன்று பட்டால், அபூர்வமாகத்தான் என்றாலும், மூளை சட்டென்று வீங்கி உயிரே போகலாம். சின்ன வயதுக்காரர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம் 2009இல் இதற்குச் சட்டமே போட்டது. அதே ஆட்டத்தில் திரும்ப இறங்கிய ஒரு 13 வயதுப் பையனுக்கு நேர்ந்த கொடுமைதான் காரணம்.

செட்டில் 12 பேர் இருந்தால் களத்தில் 7 பேர்தானே ஆடுகிறார்கள்? வெளியே இருக்கும் 5 பேரில் ஒருவனை இறக்குங்கள்.

அடிக்கடி வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கை கால் மரத்துப்போவது, எழுப்பினால் எழாத தூக்கம், இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108. மற்றவர்களுக்கு ஓரிரு நாள் ஓய்வு, அப்புறம் நடை, ஓட்டம், பிடி இல்லாத பயிற்சி. ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். டாக்டர் சொன்ன பிறகே பிடி ஆட்டம்.

பையன் "நான் ஆடுறேன் சார்" என்றுதான் சொல்வான். ஃபைனல் என்றால் கமிட்டிக்காரர்களும் நெருக்குவார்கள். முடிவை அவர்களிடம் விடாதீர்கள். உட்கார வைத்ததற்காக எந்த அப்பாவாவது சண்டைக்கு வந்தால் எங்களைக் கூப்பிடுங்கள், நாங்கள் பேசிக்கொள்கிறோம்.